குறுக்குப் பெருக்கல் வருது, விகிதசமம் புரியல. எப்படி நடத்துறது?

கேள்வி:
ஏழாம் வகுப்புக்கு விகிதசமம் நடத்திட்டு இருக்கேன். 2 : 3 = 5 : ? னு எழுதிப் போட்டா எல்லாரும் டக்குனு குறுக்கே பெருக்கி 7.5 னு போட்டுடறாங்க. அதையே, 2 பங்கு நீல பெயிண்ட்டுக்கு 3 பங்கு மஞ்சள் கலந்தா ஒரு பச்சை வருது, நீலம் 5 பங்கு எடுத்தா அதே பச்சைக்கு மஞ்சள் எவ்ளோன்னு கேட்டா நிறைய பேர் 6 னு சொல்றாங்க, 2க்கும் 5க்கும் 3 வித்தியாசம் அதனால இங்கயும் 3 கூட்டினேன்னு. நீலம் 4னு கேட்டா மட்டும் இரட்டிப்பாக்கி சரியா 6 சொல்றாங்க. ஆக நோட்டுல 4க்கும் 6, 5க்கும் 6 பக்கத்து பக்கத்துலயே இருக்கு, யாருக்கும் உறுத்தல. எங்க இருந்து சரி பண்றது?

பதில் 1:
அந்த ரெண்டு 6 தான் டீச்சர் உங்களுக்குக் கிடைச்ச நல்ல வாய்ப்பு, அதை அப்படியே போர்டுல எழுதி "நீலம் கூடியிருக்கு, மஞ்சள் கூடல, நிறம் அதேவா இருக்கும்?"னு கேளுங்க, பதில் சொல்லாம விட்டுடுங்க, அவங்களே சண்டை போட்டுக்கட்டும். குறுக்குப் பெருக்கலைக் கொஞ்ச நாளைக்கு ஓரமா வைங்க. அட்டவணை போட வைங்க: 2-3, 4-6, அப்புறம் 1-1.5, அதுல இருந்து 5-7.5. ஒண்ணுக்கு எவ்ளோன்னு கண்டுபிடிச்சுட்டா எந்த எண்ணுக்கும் போயிடலாம்.

பதில் 2:
கூட்டுற பழக்கத்தை உடைக்க ப்ரூசோனு ஒரு பிரெஞ்சு கணிதக் கல்வி ஆய்வாளர் பண்ண புதிர் வேலை அருமையா இருக்கும். அட்டையில வெட்டின புதிரைக் குழுவுக்குக் கொடுத்து, ஆளுக்கு ஒரு துண்டு, 4 செ.மீ. இருக்கற பக்கம் 7 செ.மீ. ஆகணும், எல்லாத்தையும் அதே மாதிரி பெருசாக்குங்கன்னு சொல்றது. பசங்க எல்லா பக்கத்துக்கும் 3 கூட்டுவாங்க. இப்ப 4ம் 2ம் சேர்ந்து எதிர்ல இருக்கற 6ஓட ஒட்டணும்னு வைங்க, இந்தப் பக்கம் 7 + 5 = 12, அந்தப் பக்கம் 9, துண்டு சேராது. கூட்டாம 7 ÷ 4 = 1.75 ஆல பெருக்கினா 7 + 3.5 = 10.5, 6ம் 10.5, கச்சிதமா உட்காரும். தப்புன்னு நாம சொல்லவே வேண்டாம், அட்டையே சொல்லிடும்.

பதில் 3:
மேல சொன்னது சரி, ஆனா இன்னொண்ணும் வேணும். எல்லா கணக்கும் விகிதசமக் கணக்காவே கொடுத்தா, மூணு எண்ணைப் பார்த்ததும் பெருக்கிடுவாங்க. நடுவுல இந்த மாதிரி கலந்து விடுங்க: ரெண்டு பேர் ஒரே வேகத்துல ஓடறாங்க, முதல் ஆள் முன்னாடியே கிளம்பிட்டார், ரெண்டாவது ஆள் 2 சுற்று முடிச்சப்ப இவர் 4 முடிச்சிருந்தார், அவர் 6 முடிக்கும்போது இவர்? 12 இல்ல, 8. இங்க கூட்டல்தான் சரி. ரெண்டையும் கிராஃப்ல போட வைங்க, ரெண்டுமே நேர்கோடுதான், ஆனா பெயிண்ட் கோடு ஆதிப்புள்ளி வழியா போகும், ஓட்டக் கோடு போகாது. எது நேர் விகிதம்னு கண்ணுக்குத் தெரிஞ்சிடும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி, புதிர் கண்டிப்பா பண்றேன். அட்டவணைக்கு எண்கள் எப்படி எடுக்கறது, எடுத்த உடனே 7.5 மாதிரி வந்தா மிரண்டுடறாங்க.

பதில் 1:
முதல்ல 4 : 6 = 12 : ? மாதிரி, 4ல இருந்து 12க்கு 3 மடங்குன்னு முழுசா வர்றது. அடுத்து 4 : 8 = 7 : ?, இதுல 4க்கும் 7க்கும் முழு மடங்கு இல்ல, ஆனா 4க்கும் 8க்கும் இருக்கு, விகிதத்துக்குள்ளயே பார்த்து 14 சொல்வாங்க. ரெண்டு பக்கமும் பார்க்கப் பழகினப்புறம் 2 : 3 = 5 : ? கொடுங்க, மிரள மாட்டாங்க. குறுக்குப் பெருக்கல் அதுக்கப்புறம் வரட்டும், அதுவும் விகிதங்களைப் பின்னமா எழுதி, சமன்பாட்டோட ரெண்டு பக்கத்தையும் ரெண்டு பின்னத்தோட பகுதிகளாலயும் (கீழ இருக்கற எண்களாலயும்) பெருக்கிக் காட்டி, ஏன் அப்படி வருதுன்னு தெரிஞ்சு வரட்டும்.