ராத்திரியில் திரையை மஞ்சளாக்கினால் தூக்கம் வருமா?

ராக்கோழி:
பக்கத்து இழையில் ஒருவர் "ராத்திரி திரையை மஞ்சளாக்கி நீல ஒளியைக் குறைப்பதெல்லாம் சும்மா மூடநம்பிக்கை" என்று அடித்து விட்டிருக்கிறார். யார் என்று சொல்லத் தேவையில்லை. 2014 டிசம்பரில் பாஸ்டனில் இருந்து ஆய்வு வந்ததே, படிக்கவில்லையா? படுக்கும் முன் ஐபேடில் வாசித்தவர்களுக்கு தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்யும் மெலடோனின் ஹார்மோன் சுரப்பு ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

டெர்மினல்தம்பி:
பெயரைச் சொல்லியே திட்டலாம், நான்தான். அதே ஆய்வில் அவர்களுக்குத் தூக்கம் வர எவ்வளவு நேரம் கூடுதலாக ஆனது? சுமார் 10 நிமிடம். அதுவும் ஐபேட் வெளிச்சத்தை முழுசாக ஏற்றி, மங்கலான அறையில் நாலு மணி நேரம் வாசிக்க வைத்து. ஆட்கள் மொத்தம் 12 பேர். பத்து நிமிடத்துக்கா சார் இந்த ஆர்ப்பாட்டம்?

ராக்கோழி:
மறுநாள் காலையில் மந்தமாக இருந்தார்கள் என்று அதே ஆய்வில் இருக்கிறதே, அதை மட்டும் வசதியாக விழுங்கிவிட்டீர்களா? தினம் 10 நிமிடம் என்றால் மாதத்துக்கு 5 மணி நேரம். கணக்கு வருமா தம்பி?

டெர்மினல்தம்பி:
கணக்கு வரும். பத்து நிமிடம் பத்து நிமிடம்தான். 2021இல் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் 167 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஐஃபோனில் திரையை மஞ்சளாக்கும் நைட் ஷிஃப்ட் வசதியைப் போட்டவர்கள், போடாதவர்கள், ஃபோனையே தொடாதவர்கள் என்று மூன்று கூட்டம். மொத்தமாகப் பார்த்தால் தூக்கத்தில் வித்தியாசமே இல்லை.

லக்ஸ்மீட்டர்:
இரண்டு பேரும் வெளிச்சத்தை விட்டுவிட்டு நிறத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். திரை நிறத்தை 3400 கெல்வினுக்கு (எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்) இறக்கிவிட்டு வெளிச்சத்தை 100இல் வைத்தால் என்ன பிரயோஜனம்? உடல் கடிகாரத்துக்குச் சேதி சொல்லும் மெலனாப்சின் என்ற கண்ணில் உள்ள புரதம் 480 நானோமீட்டர், அதாவது நீல ஒளி, பக்கம்தான் அதிகம் தூண்டப்படும். மஞ்சள் திரையிலும் அந்த ஒளி கொஞ்சம் மிச்சம் இருக்கும். முதலில் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

ராக்கோழி:
நான் நீலத்தைக் குறை என்கிறேன், நீங்கள் 480ஐக் குறை என்கிறீர்கள். நான் சொன்னதையே நானோமீட்டரில் சொன்னதற்கு நன்றி ஐயா.

டெர்மினல்தம்பி:
அவர் சொன்னதும் என் பக்கம்தான். பத்து நிமிடம்!

பட்டுப்புடவை_ஆல்பம்:
எங்கள் ஸ்டுடியோவில் பையன் ரெட்ஷிஃப்ட்டை (லினக்ஸில் திரையை மஞ்சளாக்கும் மென்பொருள்) அணைக்காமல் ராத்திரி முழுக்க நிறம் திருத்தினான், திரையின் மஞ்சளை ஈடுகட்ட நீலத்தை ஏற்றிவிட்டான். காலையில் பார்த்தால் மாம்பழ நிறப் புடவை வெளிர்நீலச் சாயலில் இருக்கிறது, பெண்வீட்டார் சண்டைக்கு வந்துவிட்டார்கள். உங்கள் தூக்கம் போனால் போகட்டும், என் ஆல்பத்துக்கு யார் பதில் சொல்வது?

டெர்மினல்தம்பி:
இன்னுமா ரெட்ஷிஃப்ட்? லினக்ஸில் திரையில் படம் காட்டும் புது ஏற்பாடான வேலேண்டில் அது ஓடாது. லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பில் 2017இலேயே அதே வேலைக்கு நைட் லைட் வந்தாச்சு.

ராக்கோழி:
ஆமாம், போன வருடம் "வேலேண்டுக்கு மாறாதவன் மனிதனே இல்லை" என்று பாடம் எடுத்தவர்தானே நீங்கள்? உங்கள் பேச்சைக் கேட்டு மாறினேன். திரை மஞ்சளாகிறது, மவுஸ் அம்பு மட்டும் வெள்ளை வெளேர் என்று கண்ணைக் குத்துகிறது. அதற்கு இன்று வரை உங்களிடம் இருந்து பதில் இல்லை.

டெர்மினல்தம்பி:
அது உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு டிரைவரின் கோளாறு. வேலேண்டைக் குறை சொல்லாதீர்கள். அந்த இழையிலும் இதையே சொன்னேன், படித்தால்தானே.

லக்ஸ்மீட்டர்:
நான் வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொன்னேன்...

டெர்மினல்தம்பி:
பார்த்தேன் ஐயா. கேள்வி அது இல்லை. முழு வெளிச்சத்தில், நாலு மணி நேரம் வைத்தும் பத்து நிமிடம்தான். ராக்கோழி இதற்கு நேராகப் பதில் சொல்லட்டும், மற்றதை அப்புறம் பார்ப்போம்.

ராக்கோழி:
ராத்திரி 2.40க்கு உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் திரை என்ன நிறம் தம்பி?

டெர்மினல்தம்பி:
வெள்ளை. 6500 கெல்வின். நீங்களும் இதே நேரத்தில்தான் முழித்திருக்கிறீர்கள், மஞ்சள் திரையோடு.

ராக்கோழி:
நீங்கள் எழுதுவதால்தான் முழித்திருக்கிறேன்.