புதுப்பிப்பு: பேட் செக்டர் விழுந்த ஹார்ட் டிஸ்க்

பேட் செக்டர் (படிக்க முடியாமல் கெட்டுப்போன சிறு பகுதி) விழுந்த டிஸ்கில், பிழை திருத்தும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்கை ஓட்டலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். முதலில் இமேஜ், அதாவது டிஸ்கின் முழு நகல், எடுக்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. நகலெடுக்கப் பயன்படுத்திய டிடிரெஸ்க்யூ மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, சிக்கலான இடங்களுக்கு அப்புறம்தான் திரும்பி வருகிறது. எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் இருப்பதால் நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கடைசியில் படிக்க முடியாமல் போனது 24 செக்டர்கள், வெறும் 12 கேபி. குழந்தையின் படங்கள் எல்லாம் திறக்கின்றன! ஒரு வீடியோ மட்டும் பாதியில் நிற்கிறது.

சரி, டிஸ்க்? முழுவதும் பூஜ்ஜியம் எழுதிப் பார்த்தேன். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் பட்டியலில் 197-ஆம் எண், அதாவது படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள செக்டர்களின் எண்ணிக்கை, 0 ஆனது. ஆனால் 5-ஆம் எண், அதாவது கெட்டுப்போனதால் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை, 24 ஆனது. மறுநாள் பார்த்தால் 31. இந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிற டிஸ்கை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. கழற்றிவிட்டேன்.