பெரியவங்க நடமாடற ஊரு: அளவு எங்கே தப்புதுங்க?

கட்டட மேற்பார்வை, ஈரோடு
உலக சுகாதார நிறுவனம் 33 நகரங்கள்ல பெரியவங்களைக் கேட்டு 2007-ல ஒரு வழிகாட்டி போட்டுச்சு. நடைபாதை, பஸ், வீடு, மருத்துவம்னு 8 தலைப்பு. தலைப்பு எல்லாருக்கும் தெரியும், கட்டற இடத்துலதான் செ.மீ. கணக்குல கோட்டை விடறோம். வேலை செய்யற இடத்துல பார்க்கறதை அளவோட எழுதுங்க.

நடைபாதையில இருந்து ஆரம்பிக்கறேன். கெர்ப், அதாவது நடைபாதையோட விளிம்புக் கல், 15 செ.மீ. உயரம் தாண்டினா முட்டி தேய்ஞ்சவங்க ஏற மாட்டாங்க, ரோட்டோரமே போயிருவாங்க. சாய்தளத்துக்கு 1:12 கணக்கு: 15 செ.மீ. ஏற 180 செ.மீ. நீளம். இடமில்லைன்னு 60 செ.மீ.ல முடிச்சா அது பைக் ஏத்தத்தான் ஆகும். அடுத்தது கேட். வீட்டுக்கு வீடு கார் இறங்க நடைபாதையவே வெட்டி இறக்கிடறாங்க. பத்து வீடு தாண்டறதுக்குள்ள பத்து ஏத்தம், பத்து இறக்கம். நடைபாதை மட்டமாவே ஓடணும், கார் ஏறற சரிவு விளிம்போட நின்னுக்கணும்.

சிக்னல் வேலை, கோவை
நடந்து கடக்க வினாடிக்கு 1.2 மீட்டர்னு கணக்கு வெச்சுத்தான் பெரும்பாலும் நேரம் போடறது. 14 மீட்டர் ரோட்டுக்கு 12 வினாடி. கைத்தடியோட வர்றவங்க வேகம் 0.8 மீட்டர்னு வெச்சாலே பதினேழரை வினாடி வேணுங்க. பச்சை அணையறப்ப அவங்க நடு ரோட்டுல நிப்பாங்க. நேரத்தைக் கூட்ட முடியலீன்னா நடுவுல நின்னு போக ஒன்றரை மீட்டராவது அகலமா மீடியன் விடுங்க. வெறும் தடுப்புச் சுவர் அதுக்கு ஆகாது.

பெஞ்சும் அப்படித்தான். உயரம் 45 செ.மீ., முதுகுச் சாய்வு, ரெண்டு பக்கமும் கைப்பிடி. கைப்பிடி இல்லாட்டி உக்காரலாம், எந்திரிக்க முடியாது. நம்மூருல கிரானைட் பலகையப் போட்டு நிழலை மறந்துடறாங்க. சித்திரை வெயில்ல மதியம் அதுல கைகூட வைக்க முடியாது.

புது உறுப்பினர், திருப்பூர்
வீட்டு பாத்ரூம்ல டவல் கம்பி இருக்குதுங்க, புடிச்சுக்க அது போதாதுங்களா?

பிளம்பிங், பொள்ளாச்சி
போதாதுங்க. டவல் கம்பி துணிக்கு. கைப்பிடி 100 கிலோவுக்கு மேல தாங்கோணும். நம்ம பக்கம் சுவரு பாதி ஹாலோ பிளாக்; டைல்ஸ்ல ஓட்டை போட்டு பிளாஸ்டிக் பிளக் சொருகினா உள்ள வெறும் குழி, ஆள் தொங்கற அன்னிக்குத்தான் பிடுங்கிட்டு வரும். சுவரைத் துளைச்சு அந்தப் பக்கம் தகடு வெச்சு போல்ட் போடுங்க. இல்லீனா அந்த பிளாக் குழியை கான்கிரீட்டால நிரப்பி, நல்லா இறுகினப்பறம் ஆங்கர் போல்ட் அடிங்க.

பைப் ஒண்ணேகால் அங்குலம், சுவருக்கும் பைப்புக்கும் இடைவெளி 4 செ.மீ. அதுக்கு மேல விட்டா வழுக்கறப்ப முழங்கை உள்ள மாட்டி எலும்பு முறியும். வெஸ்டர்ன் கோப்பை 45 முதல் 48 செ.மீ. உயரம், அதுக்கு 20 செ.மீ. மேல பக்கவாட்டுக் கம்பி. கதவு வெளிப்பக்கம் திறக்கோணும். உள்ள விழுந்தவங்க கதவோரமே கிடந்தா உள்பக்கம் திறக்கற கதவைத் தள்ள முடியாது. தாழ்ப்பாள், வெளியில இருந்து காசு வெச்சுத் திருப்பற ரகம் பாருங்க.

கிராம சுகாதாரம், கரூர்
மருந்துக்கு ஒரு வார்த்தை. மக்களைத் தேடி மருத்துவம்கற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டுல வந்ததுல இருந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருது. படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு பிசியோதெரபியும் உண்டு. கேக்காததால விட்டுப்போன வீடுகளும் இருக்கு. முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை.

கவனிக்க ஒண்ணு: பஸ்ல வெளிய போற நாள்ல அப்பாருங்களும் அம்மிச்சிகளும் நீர் மாத்திரையை (சிறுநீரை அதிகமாப் போக வைக்கற மாத்திரை) விட்டுடுவாங்க. மறதி இல்லீங்க, வழியில கழிப்பறை இருக்காதுங்கற பயம். தானா நிறுத்தாம நேரத்தை மாத்தி போடலாமான்னு டாக்டர்கிட்ட கேக்கச் சொல்லுங்க.

பிளம்பிங், பொள்ளாச்சி
கழிப்பறை இருந்தாலும் கைப்பிடி வெச்சது ஒண்ணே ஒண்ணு, அதையும் பூட்டி வெச்சிருப்பாங்க. பூட்டித்தான் ஆகோணும்னா சாவி யாருகிட்டன்னு கதவுல பெரிய எழுத்துல எழுதுங்க.