ஊரில் வீடு கட்டி விற்றவர்கள் சிங்கப்பூருக்குத் தொழிலை மாற்றும்போது: உங்கள் அனுபவம் என்ன?

திருச்சிக்காரர், சிராங்கூன் கார்டன்ஸ்:

ஊரில் நன்றாக நடக்கும் கட்டுமானத் தொழிலை இங்கே கொண்டுவரலாமா என்று கேட்கும் தம்பிகளுக்காக எழுதுகிறேன். மனை வாங்கித் தனி வீடாகக் கட்டி விற்பதுதான் திருச்சியில் எங்கள் குடும்பத் தொழில். சில இடங்களில் மனைக்காரரோடு ஒப்பந்தம் போட்டு, கட்டியதில் பங்கு பிரித்துக்கொள்வோம். இரண்டிலும் இலாபம் மண்ணில்தான் இருந்தது. மனை விலை ஏறினால் வீடும் அதோடு சேர்ந்து விலைபோகும்.

சிங்கப்பூரில் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டது. மக்களில் பெரும்பாலோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். அந்தக் குத்தகைகளை, அதாவது கட்டுமான ஒப்பந்த வேலைகளை, பிடிக்கப் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. நம் கைக்கு எட்டுவது தரைவீடு, அதாவது சொந்த மனையில் நிற்கும் வீடு. அந்த மனையை வெளிநாட்டவர் அரசாங்க அனுமதியின்றி வாங்க முடியாது. நிரந்தரவாசிக்கும் அதே விதிதான். நிறுவனத்தின் பெயரில் வாங்கிவிடலாமே என்று ஊரில் எல்லாரும் யோசனை சொல்வார்கள். இயக்குநர், பங்குதாரர் ஆகியோரில் ஒருவர் குடிமகனாக இல்லாவிட்டாலும் அந்த நிறுவனம் வெளிநாட்டவராகவே கருதப்படும். ஆகவே, இங்கே வருகிறவர் அடுத்தவர் மனையில் ஒப்பந்தத்துக்குக் கட்டிக்கொடுக்கப் போகிறார். அதற்கு மனம் ஒப்பினால் மட்டும் டிக்கெட் எடுங்கள்.

உரிமம் கட்டட, கட்டுமான ஆணையத்திடம். இரண்டாம் வகுப்புப் பொதுக் கட்டுநர் உரிமத்துக்கு 25,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மூலதனம் போதும். ஒரு குத்தகையின் மதிப்பு 6 மில்லியன் வெள்ளியைத் தாண்டக்கூடாது. தரைவீட்டு வேலைக்கு இது தாராளம்.

மலைக்க வைப்பது ஆள்செலவு. இந்தியாவிலிருந்து வரும் கட்டுமான ஊழியருக்கு 2024 முதல் முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வை, உயர்திறன் பெற்றவர் என்றால் 500 வெள்ளி, அடிப்படைத் திறன் என்றால் 900 வெள்ளி. சம்பளம், தங்குமிடம் எல்லாம் தனி. ஊரில் மழை பெய்தால் சித்தாளை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிடுவோம். இங்கே மழை பெய்தாலும் தீர்வை ஓடிக்கொண்டேதான் இருக்கும். குடியிருப்புகளிலிருந்து 150 மீட்டருக்குள் இருக்கும் வேலையிடத்தில் ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையிலும் வேலை செய்யக்கூடாது என்பதையும் சேர்த்து நாள் கணக்குப் போடுங்கள். தரைவீடு என்றாலே சுற்றிலும் வீடுகள்தான்.

எங்கள் முதல் தளம் போட்ட மறுநாள் காலை நடந்ததைச் சொல்ல வேண்டும். புதுக்கோட்டைக் கொத்தனார் ஒருவர், நல்ல கைகாரர், தளத்தின்மேல் கலவையால் வரப்பு கட்டத் தொடங்கினார். பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கித் தளத்தைப் பதப்படுத்துவது ஊரில் பொறுப்பான வேலைக்கு அடையாளம். இங்கே பல ஆண்டுகள் இருக்கும் எங்கள் மேற்பார்வையாளர் ஓடிவந்து தடுத்தார். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து ஒரு வாரத்தில் பறக்கத் தொடங்கிவிடுமாம். தேங்கிய நீரில் புழுவைக் கண்டால் தேசியச் சுற்றுப்புற வாரியம் அபராதம் போடுவதோடு வேலையையும் நிறுத்திவிடும் என்றார். சாக்குகளைத் தளம் முழுதும் விரித்து, நனைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தினார்கள். விரிப்பின் மடிப்பில் நின்ற ஒரு கை நீரைக்கூட அவர் குனிந்து வழித்துவிட்டார். கொத்தனார் எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் அதே மடிப்புகளை அவரே சரிபார்த்தார். இப்படிப்பட்ட மேற்பார்வையாளர் கிடைத்தால் என்ன சம்பளம் கேட்டாலும் கொடுங்கள்.

வீட்டுக்காரர், தெலுக் குராவ்:

அண்ணா, கட்டுபவர் சொன்னதைப் படித்தேன். கட்டச் சொன்னவர் பக்கத்திலிருந்து ஒன்று. எங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்டியபோது, ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர்தான் குத்தகை எடுத்தார். என் மாமியாருக்கு வடகிழக்கில் பூசையறை வேண்டும். கட்டடக் கலைஞரின் வரைபடத்திலோ அந்த மூலையில் பாதுகாப்பறை இருந்தது. குண்டுவீச்சு நேரத்தில் ஒதுங்குவதற்கான அறை, எல்லாரும் ‘பாம் ஷெல்டர்’ என்பார்களே, அதுதான். 1998 மே முதல் புதிதாகக் கட்டும் வீடுகளில் அது இருந்தாக வேண்டும். தடித்த கான்கிரீட் சுவரை உடைக்கவோ இரும்புக் கதவை மாற்றவோ கூடாது. கட்டி முடித்த பிறகு தெரிந்திருந்தால் அழுதிருப்போம். எங்கள் குத்தகையாளர் வரைபடத்தைக் கையில் வாங்கிய அன்றே மாமியாரின் எதிரில் உட்கார்ந்து, “அம்மா, இந்த மூலையில் விளக்கு வைக்க வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், மாற்றச் சொல்கிறேன்” என்றார். பாதுகாப்பறை மாடிப்படிக்குக் கீழ்ப்பக்கம் போனது. வாஸ்து தெரிந்த கட்டுநர் என்பது இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் உணர வேண்டும்.

டைல்ஸ் துணைக் குத்தகையாளர், காக்கி புக்கிட்:

பணத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. “வீட்டுக்காரர் எனக்குக் கொடுத்தால்தான் உனக்கு” என்று ஒரு தலைமைக் குத்தகையாளர் மாதக்கணக்கில் இழுத்தடித்தார். ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதியிருந்தது. 2004ஆம் ஆண்டின் கட்டுமானப் பணக்கொடுப்புப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வாசகம் செல்லாது என்று ஒரு நண்பர் சொன்னார். பணக் கோரிக்கையை முறைப்படி எழுதிக் கொடுத்தேன், பதில் இல்லை. சிங்கப்பூர் சமரச நிலையத்தில் மனுச் செய்தேன். நீதிமன்ற வழக்கைப்போல் ஆண்டுக்கணக்கில் இழுக்காமல், சில வாரங்களில் தீர்ப்பு வந்தது, பணமும் வந்தது.

ஒப்பந்தம் எழுத்தில் இருந்ததால்தான் இது முடிந்தது. ஊர்ப்பழக்கத்தில் வாய்ச்சொல்லை நம்பி இறங்கிவிடாதீர்கள், தம்பிகளே. இன்னொன்று: கட்டட அனுமதி தேவைப்படாத வீட்டு உட்புறப் புதுப்பிப்பு வேலை இந்தச் சட்டத்துக்குள் வராது. அத்தகைய வேலைக்கு நான் முன்பணம் வாங்குகிறேன். அறைக்கு அறை பணம் கைக்கு வந்த பிறகுதான் அடுத்த அறையில் டைல்ஸ் இறக்குகிறேன்.