பிரவுசர் ஒர்க்ஸ்பேஸில் ப்ரிவியூ தானாகப் புதுப்பிக்கவில்லை

மூன்று நாளாக ஒரே இடத்தில் மாட்டி நிற்கிறேன். பிரவுசரிலேயே கோட் எழுதும் ஒர்க்ஸ்பேஸ். நோட்.ஜேஎஸ் 20, வீட் (Vite) என்ற டெவலப்மென்ட் சர்வர், ரியாக்ட் லைப்ரரி, 4 ஜிபி ரேம். ஃபைலைச் சேமித்தால் டெர்மினலில் மாற்றம் பதிவாகிறது, ப்ரிவியூ மட்டும் அசையாது. எஃப்5 தட்டினால் புதியது வந்துவிடுகிறது. கன்சோலில் சிவப்பாக ஒரே வரி: வீட் ஓடும் 5173 போர்ட்டுக்கு வெப்சாக்கெட் இணைப்பு (மாற்றத்தைப் பிரவுசருக்கு உடனே சொல்லும் தொடர்பு) தோல்வி.

வெளியிலிருந்தும் இணைய முடியும்படி ஹோஸ்ட்டை 0.0.0.0 ஆக்கினேன், போர்ட்டைப் பப்ளிக் ஆக்கினேன். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் எக்ஸ்டென்ஷன்களை அணைத்தும் பார்த்தாச்சு. அப்புறம் ஒர்க்ஸ்பேஸ் ஓடும் கன்டெய்னரையே புதிதாகக் கட்டினேன். அரை மணி நேரம் போனதுதான் மிச்சம். இதே கோட் என் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிறது.

ப்ரிவியூ முகவரி எச்டிடிபிஎஸ், அதாவது 443 வழியாக வருகிறது. அப்படியானால் வீட்டின் (Vite) கான்ஃபிக் ஃபைலில் கிளையன்ட் போர்ட்டை (வெப்சாக்கெட்டுக்காகப் பிரவுசர் இணையும் போர்ட்) 443 என்று மாற்றினால் போதுமா, வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா?