செவலை தடுமாறுகிறது: இது மேட் கவ் நோயா?

கேள்வி: கோட்டையூர் ஆச்சி

வணக்கம். வீட்டில் மூன்று பசுக்கள் வைத்திருக்கிறேன். அதில் செவலைக்கு ஆறு வயது. மூன்று நாளாகப் பின்னங்கால் பின்னுகிறது. தொட்டியில் வாயை வைக்கிறது, தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. எச்சில் நூல் நூலாகத் தரைவரை வழிகிறது. குரல் கம்மிப்போய், நேற்று இரவெல்லாம் கதறியது. தொண்டையில் மாங்கொட்டை சிக்கியிருக்குமோ என்று மாடு பார்க்கிற பையன் கையை விட்டுத் துழாவினான், ஒன்றும் இல்லை.

பர்மிங்ஹாமில் இருக்கும் பேரனுக்கு வீடியோவில் காட்டினேன். "ஆயா, இந்த நாட்டு மாடுகளுக்கு வந்த மேட் கவ் நோய் மாதிரி இருக்கிறது, பாலைத் தொடாதீர்கள்" என்கிறான். மருமகள் பாலோடு ஆட்டு மூளை வறுவலையும் நிறுத்திவிட்டாள். இதுவரை குடித்த பாலுக்கு என்ன செய்வது?

புதுவயல் விவசாயி

தீவனத்தில் எலும்புத்தூள் கலந்தால் அந்த நோய் வரும் என்று படித்திருக்கிறேன். என்ன தீவனம் போடுகிறீர்கள் ஆச்சி?

கோட்டையூர் ஆச்சி

கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு, வைக்கோல். வேறொன்றும் இல்லை.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், காரைக்குடி

ஆச்சி, இதைப் படித்தவுடன் முதல் வேலையாக அந்தப் பையனின் கையைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவச் சொல்லுங்கள். பிறகு இன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். விழுங்க முடியாமை, வழியும் எச்சில், கம்மிய கதறல், பின்னும் பின்னங்கால்: நம் ஊரில் இந்த நான்கும் சேர்ந்தால் நான் முதலில் சந்தேகிப்பது வெறிநோயைத்தான், அதாவது வெறிநாய் கடித்தால் வரும் ரேபிஸை. பையன் கையில் கீறல், நகக்கண் புண் இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லட்டும். தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்னும் தயார்நிலை எதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படும்.

நானே இப்படிக் கைவிட்டவன். பணியில் சேர்ந்த புதிதில், திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், தொண்டை அடைப்பு என்று நம்பி முழங்கை வரை விட்டேன். கன்னத்துப் பல்லில் உரசி விரல் கிழிந்தது. நாலாம் நாள் அந்த மாடு செத்தது. ஊசி அத்தனையும் போட்டு முடிக்கும்வரை எனக்குத் தூக்கம் இல்லை. அதனால்தான் இவ்வளவு பதறி எழுதுகிறேன்.

பேரன் சொன்ன நோய் வேறு. பிரிட்டனில் அதை 1986இல் கண்டுபிடித்தார்கள். செத்த மாடு, ஆடுகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்துக் கன்றுகளுக்கே தீவனமாகப் போட்டதுதான் அது பரவிய வழி. 1,80,000க்கும் அதிகமான மாடுகளுக்கு நோய் உறுதியானது. அந்தத் தீவனத்தை 1988இல் தடை செய்தும் நோய் உடனே அடங்கவில்லை; மாட்டின் உடலில் அது நான்கைந்து வருடம் வெளியே தெரியாமல் கிடக்கும். மனிதருக்கும் வந்திருக்கலாம் என்று அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டது 1996 மார்ச்சில்தான். அங்கே 170க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலர் இளம்வயதினர். அங்கிருக்கும் உங்கள் பேரன் பயப்படுவதில் தவறே இல்லை.

அதற்குக் காரணம் கிருமி அல்ல, பிரியான் என்னும் உருக்குலைந்த புரதம். பக்கத்திலுள்ள நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மடக்கிவிடும்; மூளை பஞ்சுபோல் ஓட்டையாகும். கொதிக்க வைத்தாலும் அழியாது. ஆனால் அது பெரும்பாலும் குவிவது மூளையிலும் தண்டுவடத்திலும்தான். பால் வழியாக மனிதருக்குப் பரவியதற்குச் சான்று கிடையாது. இந்தியாவில் இந்த மாட்டு நோய் இதுவரை பதிவாகவில்லை. உங்கள் தீவனமும் அதற்கு வழிவிடாது. வெறிநோய்க் கிருமியோ காய்ச்சினால் செத்துவிடும். நீங்கள் குடித்தது காய்ச்சிய பால் என்றால் கவலை வேண்டாம். யாராவது பச்சையாகக் குடித்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இனிமேல் செவலையைக் கறக்கவே வேண்டாம்.

ஆட்டு மூளைக்கு வருகிறேன். ஆடுகளுக்கும் ஸ்கிரேப்பி என்று ஒரு பிரியான் நோய் உண்டு. ஐரோப்பாவில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அறிந்த நோய் அது. மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை.

கடைசியாக ஒன்று: இரண்டு மூன்று மாதத்துக்குள் தொழுவத்தில் நாய் ஏதும் நுழைந்ததா?

தேவகோட்டை வாசகன்

மருத்துவர் ஐயாவுக்கு நன்றி. எங்கள் அப்பச்சி பிரியான் நோயில்தான் இறந்தார்கள், சிஜேடி என்று சொன்னார்கள். சித்திரையில் கணக்குப் பேரேட்டில் கூட்டல் தப்பியது. ஆடிக்குள் என் பெயர் தெரியவில்லை, ஆவணியில் போய்விட்டார்கள். அது மாட்டினால் வந்ததல்ல, பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர் இருவருக்குத் தானாகவே வருவது என்று மருத்துவர்கள் விளக்கினார்கள். ஆனாலும் மேட் கவ் என்று யாரோ சொல்லிவைக்க, எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூட ஆட்கள் தயங்கினார்கள். ஆச்சி, உறுதியாகத் தெரியும்வரை அந்தப் பெயரைத் தெருவில் சொல்ல வேண்டாம்.

கோட்டையூர் ஆச்சி

பையனுக்கு முதல் ஊசி போட்டாகிவிட்டது. கட்டைவிரலில் அரிவாள் கீறல் இருந்ததால் இம்யூனோகுளோபுலினும் போட்டார்கள். எல்லோரும் குடித்தது காய்ச்சிய பால்தான். ஐயா கேட்ட நாய்: பங்குனியில் ஒரு கறுப்பு நாய் இரவில் தொழுவத்தில் புகுந்து குலைத்ததைப் பையன் இப்போதுதான் சொல்கிறான். செவலை இன்று காலை எழுந்திருக்கவில்லை. கால்நடை மருந்தகத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறார்கள். மற்ற இரண்டையும் தள்ளிக் கட்டியிருக்கிறேன். அவற்றுக்கும் ஊசி கேட்கலாமா ஐயா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், காரைக்குடி

கட்டாயம் கேளுங்கள். செவலை போய்விட்டால் யாரும் தோல் உரிக்கவோ தலையை வெட்டவோ வேண்டாம். பரிசோதனைக்கு மூளை தேவையானால் அவர்களே எடுப்பார்கள். ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். பையன் அடுத்த ஊசித் தேதிகளை ஒன்றுகூடத் தவறவிடக் கூடாது. காலண்டரில் நீங்களே வட்டம் போட்டு வைத்துவிடுங்கள் ஆச்சி.