கல்யாண டிவிடியை எம்பி4 ஆக்கும்போது 25-ஆ, 50-ஆ?

டேப்காரன்:
தென்றல் தன் அக்காவின் 2004 கல்யாண டிவிடியை டிவியிலும் போனிலும் பார்க்க வழி கேட்டார். அதற்கு ஒருவர், "நொடிக்கு 50 படம் வைத்து மாற்றுங்கள், அசைவு வழுக்கிக்கொண்டு போகும்" என்று எழுதியிருக்கிறார். சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊர் டிவி ஓடுகிற பால் முறையில் (PAL, குடிக்கிற பால் இல்லை) நொடிக்கு 25 படம். மினிடிவி (MiniDV, சின்ன டேப் போடுகிற) கேமராவைத் தூக்கிக்கொண்டு முகூர்த்தம் முகூர்த்தமாக அலைந்தவன் சொல்கிறேன். மீதி 25 படத்தை யார் தருவார்கள், பெண் வீட்டாரா?

பிக்சல் குமரன்:
அந்த "ஒருவர்" நான்தான் அண்ணே, பெயரையே போட்டிருக்கலாம். கேமரா 576 வரிகளையும் ஒரே நேரத்தில் எடுக்கவில்லை. ஒன்று விட்டு ஒன்றாக 288 வரி முதலில், மீதி 288 வரி 50-ல் ஒரு பங்கு நொடி கழித்து. ஆக ஒரு நொடிக்குள் 50 கணங்கள் இருக்கின்றன. 25 ஆக்கினால் பாதி அசைவு குப்பைக்குப் போகும். தவில்காரர் கையைப் பாருங்கள், தெரியும்.

டேப்காரன்:
டிவிடியை எந்த மென்பொருளில் வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். 25 என்றுதான் காட்டும். கணம், வரி என்று பாடம் எடுக்க வேண்டாம். எண் என்ன? 25.

பிக்சல் குமரன்:
வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில், வரி வரியாக இருப்பதை முழுப் படமாக்க யாடிஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. 0 கொடுத்தால் 25 வரும், 1 கொடுத்தால் 50 வரும். உங்கள் கணக்குப்படி அந்த 1 எதற்கு, அழகுக்கா?

தென்றல்:
அண்ணன்களே, எங்கள் பழைய டிவியில் பென்டிரைவ் போட்டால் ஓடுமா என்பதுதான் என் கேள்வி.

நெல்லை ரசிகன்:
எங்கள் ஊரில் ஒரு கடையில் 4கே ஆக்கித் தருகிறேன் என்றார்கள். பேசாமல் அப்படிச் செய்துவிடுங்களேன்.

பிக்சல் குமரன்:
அண்ணாச்சி, டிவிடி படம் 720க்கு 576 புள்ளி. 4கே (3840க்கு 2160) என்பது சரியாக அதைப்போல் 20 மடங்கு புள்ளி. 20 புள்ளியில் 19 அந்தக் கடைக்காரர் கற்பனை.

நெல்லை ரசிகன்:
கற்பனையோ என்னவோ, என் மாமா முகம் பளிச்சென்று இருந்தது. உங்களுக்கு என்ன நஷ்டம்?

டேப்காரன்:
19 புள்ளி கற்பனை என்று அவருக்குச் சொல்கிறீர்கள். நீங்கள் மட்டும் 25 படத்தைக் கற்பனை செய்யலாம், இல்லையா? அப்புறம், படம் இரண்டு மடங்கானால் கோப்பும் இரண்டு மடங்கு. தென்றல் பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டவே கூடாது. இதைப் போன வருஷமே சொன்னேன். அப்போதும் குமரன் தம்பிதான் எதிர்த்துப் பேசினார். கடைசியில் அவர் கோப்புதான் பாதியில் நின்றது. நான் மறக்கவில்லை.

பிக்சல் குமரன்:
அந்தக் கதையை எத்தனை தடவை சொல்வீர்கள்? வீடியோவைச் சுருக்கும் எச்.264 முறை பக்கத்துப் படங்களுக்குள் உள்ள வித்தியாசத்தைத்தான் சேமிக்கிறது. படம் இரட்டித்தால் கோப்பு இரட்டிக்காது. ஒரு கல்யாண டேப்பிலிருந்து மாதிரித் துண்டு ஒன்று ஏற்றியிருக்கிறேன், 50-ல். பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

டேப்காரன்:
பார்த்தேன். மாப்பிள்ளை மாலையைப் போடப் போகிறார், கை பின்னால் வருகிறது, மறுபடி போகிறது. போடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி இருக்கிறது. இதுதான் உங்கள் 50-ஆ!

பிக்சல் குமரன்:
அது வரி வரிசைத் தப்பு. மினிடிவியில் கீழ் வரிகள்தான் முதலில் வரும். அந்த டேப் துண்டுக்கு மேல் வரி முதலில் என்று கொடுத்துவிட்டேன். மாற்றி ஏற்றுகிறேன்.

டேப்காரன்:
கீழ் வரி முதலில் என்பதுகூடத் தெரியாதவர் எனக்கு 50 சொல்லித்தர வந்தார். டேப் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி பிடிக்கும். இதெல்லாம் கையால் செய்தால்தான் தெரியும், திரையில் எழுத்துத் தட்டினால் தெரியாது.

பிக்சல் குமரன்:
கீழ் வரி முதலில் என்றால் மேல் வரி பிறகுதானே? ஆக இரண்டு கணம். நீங்களே ஒத்துக்கொண்டீர்கள்.

டேப்காரன்:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. 25.

தென்றல்:
எச்.265 என்ற புதிய சுருக்க முறையில் போட்டுக் கொடுத்தார்கள், எங்கள் டிவியில் சத்தம் மட்டும் வருகிறது. யாராவது இதைச் சொல்லுங்கள்.

நெல்லை ரசிகன்:
4கே ஆக்கிப் பாருங்கள் அம்மா.

டேப்காரன்:
குமரன் தம்பி, திருத்திய துண்டு இன்னும் வரவில்லையே?